பத்து மடங்குப் போர்வை

சாய்ந்தமருது
12.06.1955, ஞாயிறு காலை

கண்ணியத்துக்குரிய மச்சான் மஜீட் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் அருளால் இங்கு நானும், உங்கள் ராத்தாவாகிய என் மனைவி றுகையாவும், உங்கள் உம்மாவும், வெள்ளைப் பசுவும் நல்ல சுகம். கொழும்பில் நீங்களும் உங்கள் கந்தோரும் அவ்வாறே சுகமாயிருக்கத் துஆச் செய்கிறோம்.

நிற்க. இவ்வாண்டு ஜனவரி மாதம் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், ஒரு போர்வை பின்னுவதென்று நான் முடிவு செய்தேன். முடிவு எடுக்கப்பட்டபோது விறாந்தையில் என்னைத் தவிர வேறு எவரும் இருக்கவில்லை. நான் எழுந்து நின்று, சால்வையைச் சரிசெய்து, முடிவை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கையொப்பம் வைத்து, அலுமாரியில் பூட்டினேன். நில அளவைக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் படம் கீறி ஓய்வுபெற்றவன் ஒரு காரியத்தை இதைவிட இலேசாகத் தொடங்க முடியாது. புறக்கோட்டையில் வாங்கி மூன்று பார்சலாக நீங்கள் அனுப்பிய ஆறு றாத்தல் வெள்ளைக் கம்பளி நூல் எதற்கென்று நான்கு கடிதங்களில் கேட்டிருந்தீர்கள். நான்குக்கும் சேர்த்து இதுவே பதில்.

போர்வை உங்கள் வாப்பாவுக்கு. கச்சிமுகம்மது மாமா என்னுடன் கதைப்பதை நிறுத்தி ஏழு வருடமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காரணத்தை ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால், சரியானதை இங்கே பதிவு செய்கிறேன். 1948ஆம் ஆண்டு ஒரு லீவு நாளில், அவர் கேட்காமலே, சாகாமத்திலுள்ள அவருடைய வயலைச் சங்கிலி பிடித்து அளந்தேன். மூன்று தலைமுறையாக மூன்று ஏக்கர் என்று சொல்லப்பட்டுவந்த வயல், இரண்டு ஏக்கர் மூன்று றூட், அதாவது கால் ஏக்கர் குறைவாக, இருந்தது. அன்று பகல் பதினொரு விருந்தாளிகள் இருந்து சாப்பிடும்போது இதை அறிவித்தேன். அது நல்ல செய்தியல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் சரியான செய்தி. மாமா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ராத்தாவுக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நாங்களும், அதே வளவில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுமாக இருப்பதால் ஒருவரையொருவர் தினமும் முப்பது தடவையாவது காண நேர்கிறது. எனக்கு ஏதாவது தெரிவிக்க வேண்டியிருந்தால் மாமா அதைப் பசுவிடம் தெரிவிப்பார். "ஒராள்ற சைக்கிள் மழையில நனையுது" என்பார். பசுவுக்குச் சைக்கிள் இல்லாதபடியால் நான் போய் எடுத்து வைப்பேன். இந்த ஏற்பாட்டில் பெரிய குறை என்று ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வருடம் தாம் ஹஜ்ஜுக்குப் போகப்போவதாக ஜனவரியில் அவர் அறிவித்ததும் அதே பசுவிடம்தான். எழுபத்தொரு வயது. பம்பாய்க்குப் போய், அங்கே கப்பலேறி, கடல் தாண்டிப் போகிற பயணம். போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. என்னோடு ஒரு வார்த்தை கதைக்காமல் அவர் அந்தக் கப்பலில் ஏறிவிட்டால், பிறகு அந்த வார்த்தையை நான் எவரிடம் போய்க் கேட்பது? சென்ற வருடம் போய்வந்த ஹாஜியார் ஒருவர், கப்பல் தட்டில் அடிக்கிற காற்று எலும்பைத் தொடும் என்று சொன்னார். அந்தப் பேச்சிலிருந்துதான் மேற்படி முடிவு பிறந்தது. கடைப் போர்வையென்றால் வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். கையால் செய்ததைக் கையில் கொடுத்தால் வாங்குகிறவர் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். விசர், பைத்தியக்காரன் என்று சொன்னாலும் போதும் என்பதே என் எண்ணம்.

கொக்கி ஊசியால் பின்னத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஆமினா உம்மா ஒருவர்தான். நாற்பது வருடமாகத் தொழுகைத் தொப்பி பின்னுகிறவர். நீங்கள் அணிவதும் அவர் பின்னியதாகவே இருக்கும். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தொப்பி மட்டுந்தான் தெரியும் தம்பி" என்றார்.

"தொப்பியையே பெரிசாச் செய்தா?"

"பெரிய தொப்பி வரும்."

இதை அவர் வேடிக்கையாகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். என் கணக்கு வேறாக இருந்தது. எந்தப் பொருளையும் போதிய அளவு பெரிதாக்கினால் அது தன் பழைய குணத்தை விட்டுவிடும். சாகாமம் குளமும் ஒரு காலத்தில் மாடு தண்ணீர் குடித்த பள்ளம்தானே. ஆகவே மூன்று வாரம் அவரிடம் உட்கார்ந்து கண்ணி போடவும், கூட்டவும், சுற்றுக்குச் சுற்று இணைக்கவும் பழகினேன். அவர் பின்னிய தொப்பியொன்றை வாங்கிவந்து, மேசையில் வைத்து, அங்குலக் கோலால் அளந்து படம் கீறினேன். உச்சி வட்டம் ஆறு அங்குலம். அதன் பிறகு கண்ணி கூட்டுவதை நிறுத்த வேண்டும். சுவர் மூன்று அங்குலம். எல்லா அளவையும் பத்தால் பெருக்கிச் சுத்தமான இரண்டாவது படம் கீறி, வடக்குத் திசையையும் குறித்து, சுவரில் ஒட்டினேன். உச்சியில் நூல் தொடங்கும் சிறு துவாரமும் பத்து மடங்கானதால், அவ்விடத்தில் ஒரு மாதுளம்பழம் புகும் அளவுக்குத் திறந்திருந்தது. அதைக் காற்றோட்டம் என்று குறித்தேன்.

விறாந்தையில் இருந்து பின்னியதால் ஊருக்குத் தெரியாமல் செய்ய முடியவில்லை. முதல் வாரம் என் பென்சன் நின்றுவிட்டதாகக் கதை வந்தது. இரண்டாம் வாரம் இரண்டு பேர் வந்து, பிள்ளைகளின் சுன்னத்துக் கலியாணத்துக்குத் தொப்பி வேண்டுமென்று தலையளவு தந்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஒருவர் தலையைக் கயிற்றால் அளந்து அந்தக் கயிற்றையே வைத்துவிட்டுப் போனார். பெரியநீலாவணையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் முருகேசு மட்டும் பெட்டியை இறக்கிவைத்து, குனிந்து, விரலால் தடவி, தொழில் தெரிந்தவனாகப் பார்த்தான்.

"காக்கா, கண்ணி நல்ல சின்னன். நெத்தலியும் தப்பாது. ஆனா கம்பளியில வலை கட்டினா மீனுக்குக் குளிராது, அவ்வளவுதான்."

இது போர்வை என்றேன். அவன் பெட்டியை மூடிக்கொண்டு, அன்று எனக்கு மீன் தராமலே போய்விட்டான். உடம்புக்கு முடியாதவர்களுக்குச் சூரை மீன் ஆகாது என்று குசினிப் பக்கம் போய் ராத்தாவிடம் சொன்னானாம்.

நோன்பு மாதத்து நடுவில் உச்சி வட்டம் ஐந்தடியை எட்டியது. அப்போது அது விறாந்தைத் தரையில் வட்டமாக, தட்டையாக, வெள்ளையாகக் கிடந்தது. அந்த நேரத்தில் அதைப் பார்த்தவர் எவரும் போர்வை என்றே சொல்லியிருப்பர். ஆனால் படத்தின்படி அவ்விடத்தில் கண்ணி கூட்டுவதை நிறுத்த வேண்டும்; நிறுத்தினேன். சுற்று வளைந்து கீழே இறங்கத் தொடங்கியது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது உண்மை. ஆனால் கீறி ஒப்பமிட்ட படத்தை மீறுவது என் உத்தியோக காலத்தில் இல்லாத வழக்கம். பெருநாளுக்கு மறுநாள், இரண்டரையடிச் சுவரும் முடிந்து, கடைசிக் கண்ணியைக் கட்டினேன். உங்கள் ராத்தா வந்து அதை ஒரு தடவை சுற்றி நடந்தாள். சுற்றி வரச் சிறிது நேரம் எடுத்தது.

"இஞ்சருங்க, இதுக்குத் தலை எங்க இரிக்கி?"

"இது போர்வை."

"இது போர்வையெண்டா நான் சோத்துப் பானை."

ஆமினா உம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் ஓரத்தைப் பிடித்து இருபது கண்ணி வரை எண்ணிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குத்தமில்ல தம்பி. வாய் மட்டும் ஒள்ளுப்பம், ஒரு விரலளவு தளந்திரிக்கி. இப்பிடியொரு தொப்பிய நான் என்ட வாழ்நாளில கட்டினதில்ல. உரிச்சுப் போட்றாதீங்க, பாவம்" என்றார். போகும் வழியில் ஏழு வீடுகளில் நின்று இதையே சொன்னாராம்.

அதனால் வந்த வினையைச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்காக இஹ்ராம் உடை கட்டிய ஆண் தலையை மூடக்கூடாது, தொப்பி போடக்கூடாது என்பது நீங்களும் நானும் அறிந்ததே. இப்போது, பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குடியின், அதாவது வம்சத்தின், சார்பில் உட்காருகிற மரைக்காயரான மாமாவே, ஆள் முழுவதும் புகுந்துகொள்ளும் ஒரு தொப்பியைக் கொண்டு ஹஜ்ஜுக்குப் போகலாமா என்ற கேள்வி ஊரில் எழுந்தது. மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாமானைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லி ஆளனுப்பினார்கள். நான்கு பேர் நான்கு பக்கம் பிடித்து அதைத் தூக்கிப் போனோம். வெள்ளையாக இருந்ததால் வழியில் ஐந்தாறு பேர் பிரேதம் போகிறதென்றெண்ணி, யாருடைய மையித்து என்று கேட்காமலே தலையை மூடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். பள்ளி வாசலில் விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் போகவில்லை.

எல்லாக் குடி மரைக்காயர்களும் வட்டமாக உட்கார்ந்தார்கள். உங்கள் வாப்பாவும் அவர்களில் ஒருவராக இருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி என்றால் ஒரு தலைக்கு உரியது, இது எந்தத் தலைக்கும் உரியதல்ல, ஆகவே தொப்பியல்ல என்று ஒரு கட்சி. செய்கிற முறை தொப்பி முறையானால் பொருளும் தொப்பிதான், பெரிய ஆடு என்றதும் அது மாடாகிவிடாது என்று மறு கட்சி. ஆமினா உம்மாவிடம் ஆளனுப்பிக் கேட்டதில், "நாற்பது வருசமாக் கட்டுறன், எனக்குத் தெரியாதா, தொப்பிதான்" என்று பதில் வந்தது. வாதம் முற்றியபோது மாமா முகட்டிலிருந்து கண்ணை இறக்கி, "இதைச் செய்தவருக்கு விசரா எண்டு முதல்ல விசாரிங்க" என்றார். ஏழு வருடத்தில் என்னைக் குறித்து அவர் மனிதர்களிடம் சொன்ன முதல் வார்த்தை இது. என் உள்ளம் குளிர்ந்தது. போர்வை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில், தொழுகை நடத்தும் சீனிமுகம்மது லெவ்வை, உள்ளே ஒருவர் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். பள்ளியில் பாங்கு சொல்லும் எங்கள் ஹமீட் மோதினார் உள்ளே போனார். சபை காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குறட்டை கேட்டது.

"தொப்பிக்குள்ள ஆரும் நித்திர கொண்டதா நான் கேள்விப்பட்டதில்ல" என்றார் லெவ்வை.

அதன்மேல் தீர்ப்புச் சொல்லப்பட்டது. மேற்படி பொருள், ஆள் நித்திரை கொள்ளும்போது போர்வை, விழித்திருக்கும்போது தொப்பி. கப்பலில் படுக்கும்போது பாவிக்கலாம். விழிப்பு வந்ததும் தாமதமின்றி வெளியே வந்துவிட வேண்டும். இஹ்ராம் கட்டும் இடத்துக்கு முன் மடித்துக் கட்டிவிட வேண்டும். எல்லோரும் ஸலவாத்துச் சொல்லி எழுந்தார்கள். அன்று அஸர் பாங்கு பதினைந்து நிமிடம் பிந்தியது. சொல்ல வேண்டியவரை வெளியே எடுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து ஹமீட் மோதினார் தினமும் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து தொப்பிக்குள் படுக்கத் தொடங்கினார். இந்தக் கச்சான் அனல்காற்றில், இந்த வெயிலில், கம்பளிக்குள் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். "வெளிய அதவிட வெக்கை. உள்ளுக்க எண்டா ஈ இல்ல, ஒருத்தரும் நேரம் என்னண்டு கேக்கிறதுமில்ல" என்றார். ஊரில் அவரைத் தேடுகிறவர்கள் பள்ளிக்குப் போகாமல் நேரே எங்கள் விறாந்தைக்கு வந்து தொப்பியைத் தட்டினார்கள். மாமாவும் கிணற்றடியிலிருந்து இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மோதினாரின் கால் பெருவிரல் ஒரு கண்ணிக்குள் போய் அதை இழுத்துவிட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, ஹஜ்ஜுக்குப் போகிறவர் செய்யவேண்டிய முறைப்படி, மாமா வீடு வீடாகப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்கப் போனார். 1939இல் தம்முடைய வளவில் தேங்காய் பறித்தவனுடைய வீட்டுக்கும் போய், பறித்தவனிடம் இவர் மன்னிப்புக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். கிணற்றடி வரைக்கும் வந்து இரண்டு தரம் திரும்பிப் போனதை ராத்தா குசினி யன்னலால் கண்டாள். அன்று மோதினார் வரவில்லை. இழுபட்ட கண்ணியை உட்பக்கமிருந்துதான் சரிசெய்ய முடியுமாதலால், நான் தொப்பிக்குள் புகுந்து, கொக்கி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நூலின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன். விறாந்தையில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது மாமாவின் குரல்.

ஊசி பல்லில் இருந்தது. எடுத்தால் கண்ணி நழுவும். "ம்" என்றேன். மனதுக்குள் முழுப் பதிலும் சொன்னேன்.

"படுங்க, படுங்க. எழும்ப வேணாம். நான் நாளைக்கிப் பயணம். அறிஞ்சோ அறியாமலோ ஏதும் செஞ்சிருந்தாப் பொருந்திக்கங்க."

"ம்."

பிறகு கதிரை இழுபட்ட சத்தம். மச்சான், நான் நழுவப் பார்த்த கண்ணியை விரலால் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கதை சொல்லணும். என்ட மருமகன் இரிக்காரே, அவர் அளந்தது சரிதான். அடுத்த வருசமே நான் ஒராளுக்கும் சொல்லாமக் கயிறு புடிச்சுப் பாத்தன். ரெண்டு ஏக்கர் மூணு றூட். கயிற்ற மாத்தியும் பாத்தன். கயிறுதான் மாறிச்சு."

"ம்."

"ஆனா சோறு தின்னக்குள்ள சொல்லியிரிக்கப்படா. அண்டைக்கி விரால் மீன் ஆக்கியிருந்த. நான் ஒரு துண்டுதான் தின்ட. பொறகு எழும்பிட்டன், திரும்ப இருக்க வழியில்ல. அப்பிடியே ஏழு வருசம் போச்சு."

என் பல்லிலிருந்து ஊசி விழுந்தது. தேட இடமில்லை.

"ஆள் நல்ல ஆள். விசர். ஆனா நல்ல ஆள்" என்றார் மாமா. அவருடைய கை தொப்பிக்கு மேலே வந்து, என் தலை இருந்த இடத்தில் இரண்டு தடவை தட்டியது. நான் வெளியே வந்தபோது அவர் கிணற்றைத் தாண்டிவிட்டார்.

என்னையே முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பற்றி வேறெவருக்கோ சொல்வதுபோலச் சொன்னார் என்று நீங்கள் குறையாக எண்ண வேண்டாம். அது அவருடைய வழக்கம். பசுவுக்குப் பதில் இந்த முறை தொப்பியிடம் சொன்னார், அதற்குள் நான் இருந்தேன், அவ்வளவே வித்தியாசம். இதைவிட நாகரிகமாக ஒரு பெரியவர் ஒரு மனஸ்தாபத்தை முடித்து நான் கண்டதில்லை. நேற்றுக் காலை பஸ்ஸில் ஏறும்போது என்னைப் பார்க்காமல் மற்ற எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். ஊர் முன்னிலையில் அப்படித்தான் செய்வார், எனக்குப் புரிந்தது.

போர்வையை மட்டும் அவர் கூடவே அனுப்ப முடியவில்லை. பஸ் கொண்டக்டர் அதற்கு ஆள் டிக்கட் கிழிப்பதா சாமான் டிக்கட் கிழிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். வழியனுப்ப மட்டக்களப்பு வரைக்கும் மோதினாரும் கூடப் போயிருக்கிறார். மாமா இரவு றெயிலில் புறப்பட்டு, இந்நேரம் உங்கள் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். போர்வை நாளைக் காலை அரிசி லொறியில் வரும். பம்பாய்ப் பயணத்துக்கு முன் அவர் கையில் சேர்த்துவிடவும். என்னைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நாங்கள் இருவரும் கதைத்து முடித்துவிட்டோம். இனி அவர் போய்வருவது ஆண்டவன் நாட்டம். நான் நிம்மதியாக இருக்கிறேன்.

உங்களுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளையும், குறைவில்லாத றிஸ்கு எனும் வாழ்வாதாரத்தையும், படத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்த மேலதிகாரிகளையும் தருவானாக. வீட்டிலுள்ள எல்லோருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்,
அ. மு. சாலிஹ்
ஓய்வுபெற்ற படவரைஞர்

பி.கு.: இக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுமுன், பகல் பதினொன்றரை பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். மட்டக்களப்பு ஸ்டேஷனில் நடந்ததை, கூடவே வந்த ஹமீட் மோதினார் சொன்னபடி எழுதுகிறேன். பெட்டியை ஏற்றி, மாமாவும் ஏறியாயிற்று. றெயில் அசையும்போது மாமா யன்னலால் குனிந்து, "ஹமீட், நான் தொப்பிக்குள்ள சொன்ன கதை உங்களோட இரிக்கட்டும்" என்றாராம். "எந்தத் தொப்பிக்குள்ள? வெள்ளிக்கிழம நெய்ச்சோறு தின்டுபோட்டு நான் பள்ளியிலதானே கிடந்தன்" என்றாராம் மோதினார். மாமா றெயிலிலிருந்து இறங்கிவிட்டார்.

வளவுக்குள் வந்ததும் அவர் கிணற்றடியில் நின்று ராத்தாவைக் கூப்பிட்டார். "புள்ள, உன்ட மாப்பிள்ளைய அந்தத் தொப்பிக்குள்ள போகச் சொல்லு. மூஞ்சியப் பாத்துக்கொண்டு எனக்குக் கதைக்க ஏலா." நான் போனேன். இதை உள்ளிருந்தே எழுதுகிறேன். கண்ணிகளால் போதிய வெளிச்சம் வருகிறது, ராத்தா உச்சித் துவாரத்தால் தேத்தண்ணி இறக்குகிறாள். நாங்கள் கதைத்து முடித்துவிட்டோம் என்று மேலே எழுதியதை வெட்டிவிடவும். மாமா கதிரையைப் போட்டு உட்கார்ந்து, 1948இலிருந்து ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கினார். இப்போது அஸர் பாங்கு கேட்கிறது. அவர் 1949 மாசி மாதத்துக்கு வந்திருக்கிறார். ஆகையால் போர்வை நாளை லொறியில் வராது. மாமாவின் பெட்டி மாத்திரம் கொழும்புக்கு வந்திருக்கிறது. கோட்டை ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளவும். அதன் பூட்டைத் திறக்கும் திறப்பு அவருடைய இடுப்புப் பட்டியில் இருக்கிறது.